கடிகாரத்துக்குள் ஓர் ஏ.ஆர்.

மலையடிவாரத் தாப்பாவில் பஸ் ஏறும்போது நான் ஒரு பூகோள ஆசிரியர். மலைமேல் ரிங்லெட்டில் இறங்கும்போது அந்த கௌரவமெல்லாம் போய்விட்டது. மலைப்பாதையின் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தவன், நூறு தாண்டியதும் அதை நிறுத்திவிட்டு, காலையில் சாப்பிட்ட ரொட்டி சானாயைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தேன். பக்கத்து இருக்கைச் சீன அம்மாள் ஆரஞ்சுப் பழத்தோலைக் கிள்ளி என் மூக்கருகே நீட்டினார். முகர்ந்தேன், பிழைத்தேன். இருபது வருஷமாக மலைகளின் உயரத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பிள்ளைகளை மிரட்டியதற்கு இது தேவைதான்.

என் பனியனோடு சேர்த்து ஊக்குக் குத்திய துணிப்பையில் ஒரு பழைய பாக்கெட் கடிகாரம் இருந்தது. நான் மன்னார்குடியிலிருந்து கடல் தாண்டி வந்ததே அதற்காகத்தான்.

என் மாமனார் ரெங்கசாமி இந்த மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பேக்டரியில், பெட்டிகள் மேல் ஆங்கில எழுத்து அடிக்கிற வேலை பார்த்தவர். குடும்பம் மன்னார்குடியில், அவர் மட்டும் இங்கே. குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தபோது ஊர் திரும்பியவர்களில் அவரும் ஒருவர். ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளிச் சட்டை, இந்தக் கடிகாரம், இவ்வளவுதான் அவர் கொண்டுவந்த சீமைச் செல்வம். சில வருஷம் வைத்திருந்து காலமானார். அதன்பிறகு யாரும் சாவி கொடுக்காததால் கடிகாரம் நின்றுபோயிற்று.

அதன் பின்மூடியைத் திறந்தால் உள்ளே இன்னொரு மூடி இருக்கும். அதில் பொடி எழுத்தில் ஒரு பெயர். எங்கள் பள்ளி ஆங்கில ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதை 'பிட்டாக்ஸ் பிரெரெஸ்' என்று படித்தார். அதுதான் தோட்டத்துத் துரையின் பெயர் என்று வீட்டில் முடிவாயிற்று. அந்த மூடியையும் திறந்தால் சக்கரங்களுக்கு மேலே ஒரு சின்ன முள். முள்ளுக்கு ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் ஆர். ஏ.ரெங்கசாமி, அதாவது அருணாசலம் மகன் ரெங்கசாமி! பிட்டாக்ஸ் துரை என் மாமனாருக்காகவே சொல்லி வைத்துச் செய்த கடிகாரம் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நாங்கள் பத்து வருஷம் அப்படித்தான் நம்பினோம்.

அப்புறம் தோட்டத்திலிருந்து என் மனைவிக்கு ஒரு கடிதம் வந்தது. 'உங்கள் அப்பா எடுத்துக்கொண்டு போன எங்கள் அப்பாவின் கடிகாரத்தை, அப்பா கண்ணை மூடுவதற்குள் அனுப்பிவைக்கவும். கடிகாரத்துக்குள் எங்கள் அப்பாவின் எழுத்து இருக்கிறது. ஏ.ஆர்.' என்று எழுதி, ஆறுமுகம் மகள் லெட்சுமி என்று கையெழுத்துப் போட்டிருந்தது.

கமலா அன்று உலை வைக்கவில்லை. "எங்கப்பா திருடரா?" என்று என்னைக் கேட்டாள், ஏதோ கடிதத்தை எழுதியதே நான்தான் என்பது போல. தபாலில் அனுப்பினால் திருட்டை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். அனுப்பாவிட்டாலும் அப்படித்தானாம். ஆகவே நான் நேரில் போய், அந்தக் கடிகாரத்தை யார் செய்தார்கள், யாருக்குச் செய்தார்கள் என்று கண்டுபிடித்து, கடிகாரத்தோடு திரும்ப வேண்டும். "ஒருவேளை அவர்களுடையதாக இருந்தால்?" என்று கேட்டேன். அவள் ஊசியை எடுத்துக் கடிகாரத்துக்குத் துணிப்பை தைக்க உட்கார்ந்தாள். கோடை விடுமுறை வந்தது, புறப்பட்டேன். எழுபதுகள் முடிந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருந்த நேரம் அது.

என்னைத் திருடர் மருமகன் என்று கருதும் வீட்டிலேயே தங்க வேண்டியிருந்ததுதான் வேடிக்கை. லயன் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றின் வாசலில் நின்ற லெட்சுமிக்கு நாற்பது வயது இருக்கும். பேக்டரியில் தேயிலை தரம் பிரிக்கிறவர். என்னையும் அப்படியே மேலும் கீழும் பார்த்தார், நான் தூள் ரகம் என்று முடிவு செய்த மாதிரி இருந்தது.

"வாங்கண்ணே. பசியாறிட்டீங்களா?" என்றார்.

மத்தியானம் மூன்று மணிக்கு இது என்ன கேள்வி என்று விழித்தேன். இங்கே காலைச் சாப்பாடும் பசியாறல், சாயங்கால டீயும் பசியாறல். நம் ஊரில் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பவர்களுக்கு "ஆச்சு" என்ற பதில் போதும். இங்கே பதில் சொல்வதற்குள் தட்டு வந்துவிடுகிறது. நெத்திலி சம்பலும் ரொட்டியும், மேலே கெட்டிப்பாலில் கலந்த டீ. சுற்றி மலை மலையாகத் தேயிலை விளைகிற இடத்தில் டப்பாப் பாலை ஊற்றி அதன் ருசியே தெரியாமல் குடிக்கிறார்களே என்று நினைத்தபடி மூன்று கிளாஸ் குடித்தேன்.

உள்ளே குரங்குக் குல்லாவும் இரண்டு ஸ்வெட்டரும் போட்டு உட்கார்ந்திருந்தார் ஆறுமுகம். எண்பதை நெருங்கும் வயது. இலை உலர்த்தும் அடுப்பில் முப்பது வருஷம் நின்றவராம். அந்தச் சூட்டுக்குப் பிறகு எந்தக் குளிரும் தாங்கவில்லை போலிருக்கிறது.

"காட்டு மாப்ள," என்றார்.

ஊக்கை எடுத்து, பையைப் பிரித்து, கடிகாரத்தை நீட்டினேன். பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். கையை மட்டும் ஸ்வெட்டருக்குள்ளிருந்து எடுக்கவில்லை. "அதான்," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லெட்சுமி அப்பாவின் நீல அடையாள அட்டையை என் முன்னால் வைத்தார். "படிங்கண்ணே. ஆறுமுகம், அப்புறம் ராசப்பன். இங்க மகன் பேருதான் முன்னால, அப்பன் பேரு பின்னாலலா. ஏ, ஆர். வேற என்னா அத்தாட்சி வேணும்?"

பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டுவது இந்த ஊர்ப் பழக்கம். எங்கள் ஊர் வழக்கப்படி அப்பா எழுத்து முன்னால், ஆகவே ஏ.ரெங்கசாமி. இவர்கள் வழக்கப்படி மகன் எழுத்து முன்னால், ஆகவே ஆறுமுகம், ராசப்பன் மகன். ஒரே இரண்டு எழுத்து. கடலுக்கு அந்தப் பக்கம் படித்தால் ஒருவர், இந்தப் பக்கம் படித்தால் இன்னொருவர். வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வந்தால் மணி அடிக்கிற வரை நோட்டைத் திருத்துவது போல் பாவனை செய்வேன். இங்கே அதற்கும் வழி இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. விடிவதற்குள் எல்லாரும் பெரட்டுக்கு ஓடினார்கள். பெரட்டு என்றால் காலையில் ஆட்களை நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற கூட்டம், எங்கள் பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டம் மாதிரி, ஆனால் இங்கே யாரும் தூங்குவதில்லை. அது முடிந்ததும் ஆபீஸில் பெரிய கிராணியைப் பார்த்தேன். கணக்கும் கடிதமும் பார்க்கிறவர்களை இங்கே கிராணி என்கிறார்கள். பிட்டாக்ஸ் பிரெரெஸ் துரை எந்தக் காலத்தில் இருந்தார் என்று பணிவாகக் கேட்டேன்.

"அப்படி ஒரு தொரை இங்க வந்ததே இல்லையே சார்," என்றார் அவர். "குடை தொரை இருந்தாரு. மொட்டை தொரை இருந்தாரு. கோவம் வந்தா தொப்பியக் கடிக்கிற தொரை ஒருத்தரு இருந்தாரு. நீங்க சொல்ற பேரு கேள்விப்படாத பேரா இருக்கே."

"இங்கிலீஷ் பெயர் எல்லாம் நினைவிருக்கிறதா?"

"அதுவுந்தான் தெரியும். இல்ல சார்." பத்து வருஷமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் உலவிக்கொண்டிருந்த துரை அந்த நிமிஷமே காலாவதியானார். கமலாவுக்கு இதை எப்படி எழுதுவது என்று கவலை வந்தது. தானா ராத்தா டவுனில் ஒரு சீன அம்மாளின் கடிகாரக் கடை இருப்பதாகவும், பழைய வாட்ச் எதுவானாலும் அவர் சொல்லிவிடுவார் என்றும் கிராணிதான் வழி சொன்னார்.

லெட்சுமிக்குப் பாதி நாள் வேலை. முடித்துவிட்டுக் கடைக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். "நீங்க முன்னால போங்க. தொறக்கும்போது நானும் இருக்கணும்," என்று கடிகாரப் பையை ஒரு பார்வை பார்த்தார்.

சாலையில் ஒரு முட்டைக்கோஸ் லாரி நின்றது. ஓட்டுநர் தமிழர். "எங்க போவணும்?" "டவுனுக்கு." "ஏறுங்க, நானும் டவுனுக்குத்தான்." முன்னால் அவருடைய மாமியார் உட்கார்ந்திருந்ததால் எனக்குப் பின்னால் கோஸ் மூட்டைகளுக்கு நடுவே இடம். குளிருக்கு அடக்கமாக இருந்தது. தூங்கிப்போனேன். விழித்தபோது லாரி நின்றிருந்தது, சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள். கம்போங் ராஜா என்றார்கள். நான் போக வேண்டிய ஊரைத் தாண்டி மலையின் மறுகோடிக்கு வந்திருந்தேன். "இதான் எங்க டவுனு," என்றார் ஓட்டுநர், சற்று மனம் புண்பட்டவராக. எனக்கு ஆறுதலாக ஒரு கோஸையும் கையில் கொடுத்தார்.

பஸ் பிடித்துத் திரும்பி, கோஸும் கையுமாகக் கடிகாரக் கடைக்குள் நுழைந்தபோது இரண்டு மணி நேரம் தாமதம். லெட்சுமி இடுப்பில் கை வைத்து நின்றார். கடைக்காரச் சீன அம்மாளிடம் சரளமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.

"என்ன சொல்லிக்கொண்டிருந்தீர்கள்?"

"மாமனாரு மாதிரியே மருமகனும் ஓடிட்டாருன்னு சொன்னேன்," என்றார், மறைக்காமல். கோஸை அவர் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருடன் கோஸ் வாங்கிக்கொண்டு திரும்பி வரமாட்டான் என்று நினைத்திருக்க வேண்டும், முகம் கொஞ்சம் இளகியது.

எல்லாரும் தவுக்கேம்மா, அதாவது முதலாளியம்மா, என்று கூப்பிடுகிற அந்தக் கடைக்காரர், தோட்டத்து ஆட்களிடம் கற்ற தமிழை நம்மைவிட வேகமாகப் பேசினார். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டி, இரண்டு மூடிகளையும் நகத்தாலேயே திறந்தார். அப்புறம் சிரித்தார்.

"யாரு இந்த ஏ.ஆர்.?"

"எங்கப்பா," என்றார் லெட்சுமி. "என் மாமனார்," என்றேன் நான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"இது ஆளு பேரு இல்லலா. பிரெஞ்சு. இந்த முள்ள ஏ பக்கம் தள்ளினா வாட்ச் சீக்கிரம் ஓடும். ஆர் பக்கம் தள்ளினா மெதுவா ஓடும். இந்த மாதிரி லட்சம் வாட்சுல ஏ.ஆர். இருக்கும்."

நானும் லெட்சுமியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் கடல் தாண்டியதும் அவர் கடிதம் எழுதியதும் கமலா உலை வைக்காததும் சீக்கிரம், மெதுவாக என்ற இரண்டு வார்த்தைக்காக.

"பிரெஞ்சு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"இருபது வார்த்த தெரியும். எல்லாம் வாட்சுக்குள்ள இருக்கிற வார்த்த." உள்மூடியைக் காட்டினார். "இது பிட்டாக்ஸ் இல்ல, பித்தூ. பிரெரெஸ் இல்ல, ஃப்ரேர். அண்ணன் தம்பின்னு அர்த்தம்." பிறகு முன்பக்க முகப்பைக் கழற்றி அதன் அடியில் இருந்த ஒரு முத்திரையைப் பார்த்தார். மாட்டின் கழுத்து மணி. தன் அப்பா முத்திரைகளை வரைந்து வைத்திருந்த ஒரு நோட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் புரட்டி, ஒரு பக்கத்தில் நிறுத்தினார். "இருக்கு. பெரிய கம்பேனி இல்ல. சுவிஸ்ல மலைக் கம்போங், சின்ன கிராமம். பனி கொட்டினா வெவசாயம் இல்ல. அண்ணனும் தம்பியும் வீட்டுக்குள்ள உக்காந்து வாட்ச் செஞ்சிருக்காங்க. கொஞ்சந்தான் செஞ்சாங்க. எங்கப்பா ஒரே ஒரு வாட்சுலதான் இந்த மணி முத்திரைய பாத்திருக்காரு."

நாங்கள் பத்து வருஷம் துரை என்று போற்றி வளர்த்தது, மாடு மேய்த்த இரண்டு சகோதரர்களை. உள்ளே எட்டு மாணிக்கக் கல் இருப்பதாக எழுதியிருந்ததையும் விசாரித்தேன், கமலா கேட்கச் சொல்லியிருந்தாள். "கல்லுதான்," என்றார் தவுக்கேம்மா. "தும்மினா பறந்துரும்."

கடிகாரத்தைச் சுத்தம் செய்து சாவி கொடுத்தார். ஓடத் தொடங்கியது. அப்போது மறுபடி குனிந்து அந்தச் சின்ன முள்ளைப் பார்த்தவர், "இங்க பாருங்க," என்று பூதக்கண்ணாடியை என் கண்ணில் வைத்தார். ஏ பக்கம் கோடிவரை கீறல். ஆர் பக்கமும் கோடிவரை கீறல்.

"ஒரு ஆளு முள்ள இப்படித் தள்ள மாட்டான்லா. ஒருத்தன் தள்ளுவான், இன்னொருத்தன் திருப்பித் தள்ளுவான். வருசக்கணக்கா. இது ரெண்டு ஆளு வெச்சிருந்த வாட்ச்."

லெட்சுமி கோஸை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்து வந்தார். என் மாமனார் முழுத் திருடர் இல்லை, பாதித் திருடர் என்று கமலாவிடம் எப்படிச் சொல்வது? அதை யோசிக்கையில் வளைவுகள்கூட வயிற்றைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மத்தியானம் எனக்கு பஸ். ஆறுமுகம் முன்னால் கடிகாரத்தை வைத்தேன். டிக் டிக் என்று ஓடியது. தவுக்கேம்மா சொன்னதை லெட்சுமிதான் சொன்னார். சொல்லி முடித்து, "ரெண்டு ஆளாமேப்பா?" என்று கேட்டார்.

கிழவர் கடிகாரத்தின் பக்கம் குனிந்தார்.

"மொட்ட தொரை ஊருக்குப் போறப்ப சாமான் எல்லாத்தையும் லேலாங் விட்டாங்க," என்றார். லேலாங் என்றால் இங்கே ஏலம். "நானும் ரெங்கசாமியும் வேடிக்க பாக்கப் போனோம். அவன் இத எடுத்துத் தொறந்தான். அவனுக்குத்தான் பொட்டில அடிச்சு அடிச்சு எழுத்து தெரியுமே. ஏ ஆறுமுகம், ஆர் ரெங்கசாமி, நம்ம ரெண்டு பேரும் வாங்கணும்னு எழுதியிருக்குடான்னான். ஆளுக்குப் பாதி போட்டு வாங்குனோம். ஒரு வாரம் அவன், ஒரு வாரம் நான். திங்கக்கெழம பெரட்டுல கை மாத்திக்குவோம்."

"அப்ப அந்தக் கீறல்?" என்றேன்.

"எனக்கு பெரட்டுல மொத ஆளா நிக்கணும். என் எழுத்துப் பக்கம் தள்ளுனா வேகமா ஓடும். அவன் தெனமும் லேட்டு. அவன் எழுத்துப் பக்கம் தள்ளி வெச்சுக்கிட்டு, கங்காணி ஏசினா வாட்ச எடுத்துக் காட்டுவான், இன்னும் நேரம் இருக்குங்கன்னு." குல்லாவுக்குள் சிரித்தார். "எங்க ரெண்டு பேரையும் தெரிஞ்சவன் செஞ்ச மாதிரிலா இருந்துச்சு."

"அப்புறம் ஏம்ப்பா அவரு தூக்கிட்டுப் போயிட்டாருன்னு சொன்னீங்க?" லெட்சுமியின் குரல் உயர்ந்தது. "அத நம்பி நான் கடுதாசி வேற போட்டேனே!"

ஆறுமுகம் சிரிப்பை நிறுத்தினார்.

"எனக்கு நீல கார்டு, அவனுக்குச் செவப்பு. பெர்மிட் இல்லன்னுட்டாங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் லாரி. பொட்டியோட வந்து நின்னான். இந்தாடா, நீயே வெச்சுக்கன்னு வாட்ச நீட்டுனான். நான் வாங்கல."

"ஏன்?"

"ஞாயித்துக்கெழம அவன் மொறைலா. நாளைக்கு பெரட்டுல குடுன்னேன்."

"அவருக்குத்தான் அன்றைக்கே லாரி ஆயிற்றே?"

"தெரியும் மாப்ள." ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "குடுக்காம போவமாட்டான்னு நெனச்சேன். திங்கக்கெழம வரைக்கும் இருந்தான்னா, அப்படியே இருந்துருவான்னு நெனச்சேன். அவன் போயிட்டான். கோவத்துல தூக்கிட்டுப் போயிட்டான்னு ஒரு தடவ சொன்னேன். ஒரே தடவதான். லயன் பூரா அதையே நூறு தடவ சொல்லிட்டாங்க."

மன்னார்குடியில் மாமனார் திங்கட்கிழமை காலைகளில் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் சும்மா நிற்பார். வேலைக்குப் போன பழக்கம் என்று நாங்கள் அவரைக் கேலி செய்வோம்.

கடிகாரத்தை எடுத்து ஆறுமுகத்திடம் நீட்டினேன். கமலா சொன்னதெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. கிழவர் கையை ஸ்வெட்டருக்குள் இன்னும் ஆழமாக நுழைத்துக்கொண்டார்.

"இன்னிக்கி என்னா கெழம?"

"ஞாயிறு."

"அவன் மொற," என்றார்.

லெட்சுமி என்னைப் பார்த்தார். நான் மத்தியான பஸ்ஸைப் போகவிட்டேன்.

திங்கட்கிழமை விடியற்காலை, இரவல் ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டு பெரட்டுக்குப் போனேன். வேலையை விட்டுப் பல வருஷமான ஆறுமுகம் எல்லாருக்கும் முன்னால் வந்து முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தார். கங்காணி பெயர்களை வாசித்து முடித்தார். நான் கடிகாரத்தை நீட்டினேன். இந்த முறை இரண்டு கைகளும் வெளியே வந்தன. வாங்கியதும் காதில் வைத்துக் கேட்டார். மூடிகளைத் திறந்து முள்ளை நகத்தால் ஏ பக்கம் தள்ளினார். பிறகு வரிசையில் நின்ற அத்தனை பேரையும் பார்த்து உரக்கச் சொன்னார்.

"ரெங்கசாமி திருடன் இல்லலா. ரெங்கசாமி லேட்டு. எப்பவும் போல லேட்டு."

நான் மன்னார்குடி வந்து சேர்ந்தபோது கமலா வாசலிலேயே நின்றாள். தண்ணீர்கூடக் கொடுக்காமல், "வாட்ச் எங்கே?" என்றாள். கப்பலில் நாள் கணக்கில் ஒத்திகை பார்த்த நீண்ட விளக்கம் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் பித்தூ சகோதரர்கள், மாட்டு மணி, எட்டு மாணிக்கம் எல்லாம் வரிசையாக வரும்.

"இந்த வாரம் அவர் முறை," என்று மட்டும் சொன்னேன்.

திண்டாடித் திண்டாடி மீதியைச் சொல்லி முடித்தேன். கமலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், சுவரில் தொங்கிய நாட்காட்டியின் முன் நின்றாள்.

"அப்போ அடுத்த திங்கட்கிழமை அப்பா முறை," என்றாள். "வாட்ச் மெதுவா வரட்டும். அவர்தான் எப்பவும் லேட்டாச்சே."